பத்தாயிரம் ஃபைன் கட்டிட்டா முடிஞ்சுதா? டிரங்க் அண்ட் டிரைவ் கேஸும் லோகோ பைலட் வேலையும்



ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எட்டயபுரத்துல எங்க ஆபீஸுக்கு ஒரு தம்பி வந்தார். அவங்க அப்பா என்னோட பழைய கிளையண்ட், சின்னதா தீப்பெட்டி யூனிட் வச்சிருக்கார். வழக்கமா அப்பாவோட ஜிஎஸ்டி பில்லைக் கொடுத்துட்டுப் போற தம்பி, அன்னைக்கு ஒரு ஃபைலோட வந்து உட்கார்ந்துட்டார். ரயில்வேயில உதவி லோகோ பைலட் தேர்வு பாஸ். மெடிக்கலும் முடிஞ்சிருச்சு. கரிசல் காட்டுல மழையையும், யூனிட்டுல பொட்டாஷ் விலையையும் பார்த்தே காலம் தள்ளின வீட்டுல, மாசாமாசம் முதல் தேதி சம்பளம் வரப்போகுதுன்னா அது எவ்வளவு பெரிய விஷயம்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும்.

ஃபைலுக்குள்ள போலீஸ் சரிபார்ப்புக்கான படிவம் இருந்தது. நீங்க எப்பவாவது கைதாகியிருக்கீங்களா, உங்க மேல வழக்கு நடந்திருக்கா, கோர்ட்டுல தண்டனையோ அபராதமோ விதிச்சிருக்காங்களான்னு அதுல வரிசையா கேள்வி.

"அண்ணே, போன வருஷக் கடைசியில தூத்துக்குடியில ஒரு ரிசப்ஷன் முடிஞ்சு பைக்ல வரும்போது மடக்கிட்டாங்க. ஊதச் சொன்னாங்க, ஊதுனேன். கோர்ட்டுல போயி ஒத்துக்கிட்டு பத்தாயிரம் கட்டிட்டேன். அஞ்சு நிமிஷ வேலைண்ணே. வெறும் ஃபைன்தானே, அது கேஸ் ஆகாதுல்ல? இதுல 'இல்லை'ன்னு போட்டுரலாம்ல?"

நான் ஆடிட்டர், வக்கீல் இல்ல. ஆனா அந்த 'இல்லை'ங்கற ஒரு வார்த்தையோட விலை என்னன்னு எனக்குத் தெரியும். அது ஒரு கோடி ரூபாய்க்கு மேல. எப்படின்னு கீழே கணக்கு போட்டுக் காட்டறேன். முதல்ல சட்டத்தைப் பார்த்துடுவோம்.

ஃபைன்ல ரெண்டு வகை

ஹெல்மெட் போடாம போனா தமிழ்நாட்டுல 1,000 ரூபாய். செல்போன்ல கட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 200-ல சில குற்றங்களைப் பட்டியல் போட்டு, இதுக்கெல்லாம் அந்த இடத்துலயே பணம் கட்டி சமரசமா முடிச்சுக்கலாம்னு சொல்லியிருக்காங்க. ஹெல்மெட் அந்த வகை. அதுல கோர்ட் இல்ல, தீர்ப்பு இல்ல.

குடிச்சிட்டு வண்டி ஓட்டறது பிரிவு 185. அது அந்தப் பட்டியல்லயே கிடையாது. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா வழக்கு, வழக்கு கோர்ட்டுக்குத்தான் போகணும். முதல் தடவைன்னா 6 மாசம் வரை சிறை, இல்லேன்னா 10,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ரெண்டும். அடுத்த தடவைன்னா 2 வருஷம் வரை சிறை, 15,000 ரூபாய் அபராதம். 2019-க்கு முன்னாடி இந்த அபராதம் 2,000, 3,000-னு இருந்தது. அந்தக் காலத்துலதான் "ரெண்டாயிரத்தைக் கட்டிட்டு வாடா"ங்கற பழக்கம் ஊறிப்போச்சு. தொகை ஏறின பிறகும் பேச்சு மட்டும் மாறல.

கோர்ட்டுல "ஒத்துக்கறேன்"னு சொல்லி கட்டினது டிராஃபிக் ஃபைன் இல்லீங்க. அதுக்குப் பேர் குற்றத்தீர்ப்பு. நீதிபதி உங்களைக் குற்றவாளின்னு பதிவு பண்ணி, தண்டனையா அபராதம் போட்டிருக்கார். ஜெயிலுக்குப் போகலைங்கறதால அது தண்டனை இல்லைன்னு ஆகாது. குற்றத்தை ஒத்துக்கிட்டு வாங்கின தீர்ப்பை எதிர்த்து, தண்டனை அதிகம், சட்டப்படி சரியில்லைங்கற அளவுக்குத்தான் பொதுவா அப்பீல் போக முடியும். "நான் அவ்வளவு குடிக்கவே இல்லை"ன்னு பிறகு சொல்ல வழி கிட்டத்தட்ட அடைஞ்சிடும். அதனாலதான் ஒரு வக்கீலைப் பார்க்காம அந்த அஞ்சு நிமிஷத்தை முடிக்காதீங்கன்னு சொல்றேன். வக்கீலுக்குக் கொடுக்கற சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்கற இடம் இது இல்ல.

இன்னொண்ணு, பிரிவு 20-ன்படி 185-ல தண்டிக்கற கோர்ட் டிரைவிங் லைசென்ஸுக்குக் குறைஞ்சது 6 மாசம் தடை போட்டே ஆகணும். தம்பிக்கும் போட்டிருந்தாங்க. அதை அவர் என்கிட்ட கடைசியாத்தான் சொன்னார்.

ரயில் ஓட்ட டிரைவிங் லைசென்ஸ் எதுக்கு?

தேவையில்லதான். நம்ம ஊர்ல லோகோ பைலட் ஆக பைக் லைசென்ஸோ கார் லைசென்ஸோ கேட்கறதில்ல. ரயில்வே தனியா டிரெயினிங் கொடுத்து, தனியா தகுதிச் சான்று கொடுக்குது. அதனால லைசென்ஸ் தடை ஆனதால மட்டும் நேரடியா வேலை போகாது. பலபேர் இதோட நிம்மதியாயிடறாங்க.

அமெரிக்காவுல கதை வேற. 1987 ஜனவரி 4-ம் தேதி மேரிலாண்ட் மாநிலத்துல சேஸ்ங்கற இடத்துல ஆம்ட்ராக் பயணிகள் ரயில், சிக்னலைத் தாண்டி வந்து நின்ன கான்ரெயில் எஞ்சின்கள் மேல மோதி 16 பேர் செத்துப் போனாங்க. அந்த எஞ்சினை ஓட்டினவர் கஞ்சா புகைச்சிருந்தது தெரிஞ்சது. அடுத்த வருஷமே ரயில் பாதுகாப்புச் சட்டத்தை மாத்தினாங்க. இப்போ அங்கே ரயில் டிரைவருக்குச் சான்று கொடுக்கறதுக்கு முன்னாடி, கடைசி 36 மாசத்துல அவர் சாலையில கார் ஓட்டின வரலாறையும் கம்பெனி பார்க்கணும். குடிச்சிட்டு ஓட்டி தண்டனை ஆகியிருந்தா 48 மணி நேரத்துக்குள்ள அவரே கம்பெனிக்குச் சொல்லணும். உடனே வேலையைப் பிடுங்கறதில்ல. ஒரு ஆலோசகர்கிட்ட அனுப்பி, இவருக்குக் குடிப்பழக்கம் நோயா ஆகியிருக்கான்னு பார்க்கறாங்க. இல்லேன்னா சான்று உண்டு. இருந்தா சிகிச்சை முடியற வரைக்கும் எஞ்சின்ல ஏற முடியாது.

எனக்கு அந்த முறை பிடிச்சிருக்கு. கண்டிப்பும் இருக்கு, வழியும் இருக்கு. நம்ம ஊர்ல அப்படி ஒரே நேர்கோட்டு விதி இல்ல. அதுக்குப் பதிலா மூணு நாலு பக்கத்துல இருந்து வரும்.

முதல்ல நடத்தை விதி. ரயில்வே ஊழியர் நடத்தை விதிகள் 1966-ல 22-வது விதி, டூட்டி நேரத்தை மட்டும் பேசல. பொது இடத்துல குடிக்கக்கூடாது, போதையில பொது இடத்துல தென்படக்கூடாது, அளவுக்கு மீறிக் குடிக்கக்கூடாதுன்னு லீவு நாளையும் சேர்த்துப் பிடிக்குது. நடுரோட்டுல பைக்ல பிடிபட்டா, அதுவே விதி மீறல்னு சார்ஜ் ஷீட் கொடுக்க இடம் இருக்கு.

ரெண்டாவது, கைதானா மேலதிகாரிக்கு உடனே சொல்லணும், ஸ்டேஷன் பெயில்ல வெளிய வந்திருந்தாலும் சரி. தண்டனை ஆனாலும் சொல்லணும். சொல்லாம விட்டா, குடிச்ச குற்றம் ஒண்ணு, மறைச்ச குற்றம் இன்னொண்ணு.

மூணாவது சஸ்பென்ஷன். 48 மணி நேரத்துக்கு மேல காவல்ல இருந்தா தானாவே சஸ்பென்ஷன் ஆனதா அர்த்தம். சாதாரண டிரங்க் அண்ட் டிரைவ் ஜாமீன் கிடைக்கற குற்றம்தான், அவ்வளவு நேரம் உள்ளே இருக்க வேண்டி வராது. ஆனா விபத்து நடந்து யாருக்காவது அடிபட்டா வேற பிரிவுகளும் சேரும், அப்போ கதை மாறும். அதுமட்டுமில்ல, கிரிமினல் வழக்கு நடந்துக்கிட்டு இருக்கும்போதே சஸ்பென்ட் பண்ண அதிகாரிக்கு உரிமை இருக்கு.

நாலாவதுதான் பெருசு. ரயில்வே ஊழியர் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள் 1968-ல 14-வது விதி. கோர்ட்டுல தண்டனை ஆகியிருந்தா, தனியா துறை விசாரணை நடத்தாமலே அந்த நடத்தைக்காக வேலையை விட்டு எடுக்க வரைக்கும் போகலாம். "கோர்ட் விசாரிச்சு முடிச்சாச்சு, நான் எதுக்கு மறுபடி விசாரிக்கணும்?"ங்கறது லாஜிக். சாதாரணமா துறை விசாரணையில சாட்சி, குறுக்கு விசாரணை, உதவிக்கு ஒரு ஊழியர்னு உங்களுக்குப் பல பாதுகாப்பு இருக்கு. கோர்ட்டுல அஞ்சு நிமிஷத்துல ஒத்துக்கிட்டு வந்தா அத்தனையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

ஒலவக்கோடு பிளாட்பாரம், 1972

இது புத்தக விதி மட்டும்தானா, நிஜத்துல நடக்குமான்னு கேட்பீங்க. நம்ம தென்னக ரயில்வேயிலயே நடந்திருக்கு, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு.

கேரளாவுல இரும்பனத்துல வேலை பார்த்த ஒரு பாயிண்ட்ஸ்மேன். 1972 ஆகஸ்ட் 12-ம் தேதி மத்தியானம், ஒலவக்கோடு ஸ்டேஷன் பிளாட்பாரத்துல குடிச்சிட்டு ஒழுங்கீனமா நடந்துகிட்டதா கைது. இன்னைக்கு பாலக்காடு ஜங்ஷன்னு சொல்றோமே, அந்த ஸ்டேஷன்தான். வண்டி எதையும் அவர் ஓட்டல. கேரளா போலீஸ் சட்டத்துல சின்ன வழக்கு. மாஜிஸ்ட்ரேட் குற்றவாளின்னு சொல்லிட்டு, அபராதம் கூடப் போடாம, நன்னடத்தைச் சட்டத்துல கண்டிச்சு அனுப்பிட்டார்.

நம்ம ஆளுங்க பார்வையில இது கேஸே இல்ல. ஆனா 1973 ஜனவரி 3-ம் தேதி ரயில்வே அவரை வேலையை விட்டு எடுத்துருச்சு. காரணம் அதே 14-வது விதி.

கேரள உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து பண்ணிச்சு. ரயில்வே உச்ச நீதிமன்றம் போச்சு. 1975 செப்டம்பர்ல தீர்ப்பு. அதுல ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, கண்டிச்சு விட்டாலும் குற்றத்தீர்ப்பு அழிஞ்சுபோகாது, அதை வச்சு துறை நடவடிக்கை எடுக்கலாம். இது ஊழியருக்குப் பாதகம். இன்னொண்ணு, தண்டனை ஆயிடுச்சுங்கற ஒரே காரணத்துக்காகக் கண்ணை மூடிக்கிட்டு வேலையை விட்டு எடுக்கக்கூடாது. என்ன நடந்தது, எவ்வளவு பெரிய தப்பு, இதுக்கு இந்தத் தண்டனை தகுமான்னு அதிகாரி யோசிக்கணும். இவர் விஷயத்துல அப்படி யோசிக்கல, அதனால ரயில்வேயோட அப்பீல் தள்ளுபடி.

ஆள் ஜெயிச்சார். ஆனா 1985-ல துளசிராம் படேல் வழக்குல அஞ்சு நீதிபதிகள் அமர்வு, தண்டனை கொடுக்கறதுக்கு முன்னாடி ஊழியரைக் கூப்பிட்டுக் கேட்கணும்னு 1975 தீர்ப்புல சொன்ன பகுதியை மட்டும் ஏத்துக்கல. அளவுக்கு மீறின தண்டனைன்னா மேல்முறையீட்டுலயும் கோர்ட்டுலயும் கேள்வி கேட்கலாம்ங்கறது அப்படியே நிக்குது. இப்போ 14-வது விதியிலயே, தண்டனை கொடுக்கறதுக்கு முன்னாடி ஊழியர் எழுத்துல விளக்கம் தர வாய்ப்பு கொடுக்கலாம்னு சேர்த்திருக்காங்க. அந்த நோட்டீஸ் வந்தா ஒரு நாளும் வீணாக்காம நல்ல வக்கீல், யூனியன் ஆளு ரெண்டு பேரையும் பிடிங்க. அதுதான் உங்க ஒரே பந்து.

ஒரு விஷயம் கவனிங்க. அந்த பாயிண்ட்ஸ்மேன் ஒரு நாள் மத்தியானத்துக்காக மூணு வருஷம் வேலை நிச்சயமில்லாம கோர்ட்டுக்கு அலைஞ்சார். ஜெயிச்சவருக்கே அவ்வளவு.

8 மணி நேரம் போதுமா?

ரோட்டுல பிடிபடறது ஒரு பக்கம். டூட்டியில பிடிபடறது வேற உலகம். அதுல மன்னிப்புக்கு ரொம்பக் குறைச்சலான இடம்தான் இருக்கு, இருக்கவும் கூடாது. பின்னாடி ஆயிரம் பேர் தூங்கிட்டு வர்றாங்க.

ரயில் இயக்கத்துல நேரடியா இருக்கறவங்க டூட்டி தொடங்கறதுக்கு 8 மணி நேரத்துக்குள்ள குடிக்கக்கூடாதுன்னு ரயில்வே பொது விதி 2.09 சொல்லுது. லாபியில டூட்டி ஏறும்போது கருவியில ஊதணும், பதிவாகும். ரயில்வே சட்டம் 1989 பிரிவு 172-ன்படி டூட்டியில போதையா இருந்தா 500 ரூபாய் வரை அபராதம். ஹெல்மெட் ஃபைன்ல பாதிதான்! ஆனா பயணிகளுக்கு ஆபத்து வர்ற மாதிரி வேலைன்னா ஒரு வருஷம் வரை சிறை. லோகோ பைலட் வேலை எந்த வகைன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அதுக்கு மேல துறை நடவடிக்கை தனி.

இந்த 8 மணி நேரத்தைத்தான் இளவட்டங்க தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. "நைட்டு 11 மணிக்கு முடிச்சேன், காலையில 7 மணிக்கு டூட்டி, கணக்கு சரியாப் போச்சு"ன்னு. உடம்பு விதிப் புத்தகம் படிக்கறதில்ல. ரத்தத்துல இருக்கற ஆல்கஹால் மணிக்கு சுமாரா 15 மில்லிகிராம்தான் குறையும், ஆளுக்கு ஆள் கூடக்குறைய இருக்கும். ராத்திரி 11 மணிக்கு 150-ல இருக்கற ஆளுக்கு, 8 மணி நேரத்துல குறையறது 120. காலையில 7 மணிக்கும் மிச்சம் 30. ரோட்டுல போலீஸ் பிடிக்கற எல்லை அது. டீ, காபி, எலுமிச்சை, குளியல் எதுவும் இந்தக் கணக்கை மாத்தாது.

எதிர்ப்பக்கமும் சொல்லணும். 2025 பிப்ரவரியில திருவனந்தபுரம் கோட்டத்துல ஒரு விசித்திரமான உத்தரவு வந்தது. இளநீர், இருமல் மருந்து, ஹோமியோபதி மருந்து, குளிர்பானம், மவுத்வாஷ், சில வாழைப்பழ வகைகள் கூட டூட்டிக்கு முன்னாடி வேணாம்னு லோகோ பைலட்களுக்கு. குடிக்காதவங்களுக்கும் கருவி காட்டுதுன்னு எழுந்த தகராறுல இருந்து வந்தது அது. எதிர்ப்பு கிளம்பினதும் உத்தரவைத் திரும்பப் பெற்றுட்டாங்க. நீங்க குடிக்கலேன்னா, கருவி காட்டின உடனே வாயைக் கொப்பளிச்சிட்டு மறுபடி ஊதக் கேளுங்க, ரத்தப் பரிசோதனை வேணும்னு எழுத்துல கேளுங்க, நேரத்தோட. நாலு நாள் கழிச்சுக் கேட்டா உடம்புல ஆதாரம் இருக்காது.

இப்போ காசு கணக்கு

உதவி லோகோ பைலட் ஏழாவது ஊதியக் குழுவுல லெவல் 2. தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900. 2025 ஜனவரி டிஏ 55 சதவீதம்னு வச்சுக்கிட்டா 30,845 ரூபாய். எச்ஆர்ஏ, வண்டி ஓடின கிலோமீட்டருக்கு வர்ற அலவன்ஸ் எல்லாம் இதுக்கு மேல. ரன்னிங் ஸ்டாஃபுக்கு டிஏ கணக்குல இன்னும் கொஞ்சம் சாதகம் உண்டு. கணக்கு சிக்கலாகும்னு அதை விட்டுட்டேன்.

சஸ்பென்ஷன் ஆனா முதல் மூணு மாசம் பிழைப்பூதியம். பாதி அடிப்படை 9,950, அதுக்கு டிஏ சேர்த்து 15,422. அதுக்குப் பிறகு அதைப் பாதியளவு கூட்டவும் செய்யலாம், தாமதம் உங்களால ஆனதுன்னா குறைக்கவும் செய்யலாம். எஞ்சின்ல ஏறாததால கிலோமீட்டர் அலவன்ஸ் சுத்தமா நின்னுடும். லோகோ பைலட்களோட கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் நான் திட்டற விஷயம் ஒண்ணு இருக்கு. கிலோமீட்டர் காசையும் சேர்த்துச் சம்பளம்னு நினைச்சு வீட்டுக் கடன், கார் கடன் இஎம்ஐ போட்டுடறாங்க. அடிப்படையும் டிஏவும் மட்டும்தான் உங்க சம்பளம்னு வச்சு இஎம்ஐ எடுங்க. மிச்சத்தை சேமிப்புல போடுங்க. குடிக்கவே குடிக்காத ஆளுக்கும் இது பொருந்தும், ஒரு சிக்னல் தப்பிலயும் இதே சஸ்பென்ஷன் வரும்.

அடுத்து, வேலை போகல, நிரந்தரப் பாதிப்போட ஒரே ஒரு இன்கிரிமென்ட் கட்டுன்னு வைங்க. கேட்டா "அவ்வளவுதானா"ன்னு தோணும். 19,900-க்கும் அடுத்த படியான 20,500-க்கும் வித்தியாசம் 600. டிஏவோட 930. வருஷத்துக்கு 11,160. முதல் வருஷத்துலயே கோர்ட் ஃபைனைத் தாண்டியாச்சு. 30 வருஷத்துக்கு, சம்பளமே ஏறலேன்னு வச்சாலும் 3,34,800. என்பிஎஸ்ல இருந்தா அரசு போடற 14 சதவீதத்துல மாசம் 130 ரூபாய் குறையும். வருஷம் 9 சதவீத வளர்ச்சின்னா 30 வருஷத்துல அதுவே சுமார் 2.38 லட்சம். நடவடிக்கை நிலுவையில இருக்கற வரைக்கும் லோகோ பைலட் கூட்ஸ் பதவி உயர்வு நிக்கறது இதுல சேரல. லெவல் 2-ல இருந்து லெவல் 6 போற பாதை அது. அங்கே தொடக்கமே 35,400.

வேலையே போனா? ரிமூவல்னா திரும்ப அரசு வேலைக்குப் போக சாதாரணமா தடை இல்ல, டிஸ்மிஸல்னா பெரும்பாலும் தடை. ரெண்டுலயும் பழைய பென்ஷன் திட்டத்து சீனியர்களுக்கு பென்ஷனும் கிராஜுவிட்டியும் பறிபோகும். அதிகாரி மனசு வச்சா கருணைப் படின்னு அதிகபட்சம் மூணுல ரெண்டு பங்கு கிடைக்கும். என்பிஎஸ்காரங்களுக்கு சேர்ந்த பணம் அவங்களோடதுதான், ஆனா ஓய்வுக்கு முன்னாடி வெளியேறினா பெரும்பகுதியை ஆன்யுட்டியில போடணும். 2025 ஏப்ரல்ல வந்த யுபிஎஸ் திட்டத்துல உறுதி செய்யப்பட்ட பென்ஷன், ரிமூவல், டிஸ்மிஸல், ராஜினாமா மூணுலயும் கிடையாது.

இப்போ நம்ம தம்பி. வயசு 24. 60 வரைக்கும் 36 வருஷம், 432 மாசம். இன்கிரிமென்ட் இல்ல, புரமோஷன் இல்ல, அலவன்ஸ் இல்லேன்னு மோசமா வச்சுப் பெருக்கினாலும் 30,845 இன்ட்டு 432, ஒரு கோடியே 33 லட்சம். கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பி வச்சேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

அந்தப் படிவம்

படிவத்துல மறைக்கற விஷயத்துக்கு உச்ச நீதிமன்றம் 2016 ஜூலையில அவ்தார் சிங் வழக்குல மூணு நீதிபதிகள் அமர்வுல தெளிவா வழி சொல்லியிருக்கு. கைது, வழக்கு, தண்டனை பத்திக் கேட்டா உண்மையைச் சொல்லணும். சின்ன வயசுல கோஷம் போட்ட மாதிரி அற்பமான வழக்குன்னா, மறைச்சிருந்தாலும் வேலை கொடுக்கறவர் விரும்பினா மன்னிக்கலாம். அற்பம் இல்லாத வழக்குல தண்டனையை மறைச்சா, வேலையை ரத்து பண்ணலாம். உண்மையைச் சொல்லிட்டாலும் வேலை கொடுத்தே ஆகணும்னு கட்டாயம் கிடையாது, உங்க பின்னணியை அவங்க பரிசீலிக்கலாம்.

கடைசி வரிதான் தம்பிக்குப் பயம். "சொன்னா வேலை போயிட்டா?"

போகலாம். நான் பொய் சொல்லல. ஒரு கிளார்க் வேலைக்கு இதே தீர்ப்பை அற்பம்னு விட்டுடலாம். குடிச்சிட்டு ஓட்டினதுங்கறது, ஓட்டறதையே தொழிலா வச்ச வேலைக்கு அவ்வளவு அற்பமாப் படாது. ஆனா சொன்னா, ஒரு தடவை, பைக்ல, விபத்து இல்ல, வேலைக்கு முன்னாடி, தண்டனையை அனுபவிச்சாச்சுன்னு எழுத்துல வாதாட இடம் இருக்கு. மறைச்சா அந்த இடமே இல்ல. கோர்ட் பதிவு, போலீஸ் பதிவு, லைசென்ஸ் தடை மூணும் கம்ப்யூட்டர்ல இருக்கு. இன்னைக்குத் தெரியலேன்னா பத்து வருஷம் கழிச்சு, ரெண்டு குழந்தை, ஒரு வீட்டுக் கடன் இருக்கும்போது யாரோ ஒருத்தர் மொட்டைக் கடுதாசி போடுவார். எட்டயபுரம் சந்தையில ஒரு ஆட்டை வாங்கணும்னா பல்லைப் பிடிச்சுப் பார்க்கறோம். இங்கே 36 வருஷத்துக்குக் கையெழுத்து.

ரயில்வே பக்கமே போகாத, ஐடி, பேங்க், தனியார் வேலையில இருக்கறவங்களுக்கு ரெண்டே விஷயம். போதையில ஓட்டும்போது விபத்துன்னா, உங்க வண்டி சேதத்துக்கான க்ளெய்மை இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்கலாம். தனிநபர் விபத்து பாலிசியும் அப்படித்தான், பாலிசியில விதிவிலக்குகள் பக்கத்தைப் படிச்சுப் பாருங்க. அமெரிக்க விசாவுல ஆன்சைட் போறவங்க கூடுதல் கவனமா இருங்க. குடிச்சிட்டு ஓட்டிக் கைதானாலே, தீர்ப்பு வரும் முன்னாடியே, விசாவை ரத்து பண்ற வழக்கம் அங்கே இருக்கு.

தம்பி அன்னைக்கு 'ஆம்'னுதான் எழுதினார். தனித்தாள்ல வழக்கு எண், கோர்ட், தேதி, பிரிவு, அபராதத் தொகை, லைசென்ஸ் தடைக் காலம் எல்லாம் எழுதி, தீர்ப்பு நகலையும் ரசீதையும் இணைச்சார். வக்கீல் ஒருத்தர் படிச்சுத் திருத்திக் கொடுத்தார். அப்பாகிட்ட அதுவரைக்கும் சொல்லாம இருந்திருக்கார், அதையும் அன்னைக்கே சொல்லிட்டார். அது எப்படிப் போச்சுன்னு நான் கேட்கல.

ரயில்வேயில இருந்து இன்னும் பதில் வரல. லைசென்ஸ் தடை முடிய இன்னும் சில வாரம் இருக்கு. இப்போ ஜிஎஸ்டி பில்லைக் கொண்டு வர கோவில்பட்டியில இருந்து பஸ்லதான் வர்றார்.